மூட்டு தெரியாத பேனா

1958 ஜூன் 12, வியாழன்

காலையிலிருந்து தூறல். லீவு போட்டுவிட்டு மகள் வசந்தாவைக் காலேஜில் சேர்க்கப் போனேன். அல்சூரிலிருந்து பஸ், பிறகு நடை. செருப்பெல்லாம் சேறு.

கொண்டு போனவை: எஸ்.எஸ்.எல்.சி. சர்ட்டிபிகேட், போட்டோ இரண்டு, குடை (ஒரு கம்பி போனது). கொண்டு போகாதது: பேனா.

பாரம் நிரப்பச் சொன்னார்கள். எங்கள் இருவரிடமும் பேனா இல்லை. ஜன்னலுக்குப் பின்னால் இருந்த கிளார்க், "பேனாகூட இல்லாம காலேஜுக்கு வந்துட்டீங்களா?" என்றான். கொஞ்சம் சத்தமாகவே. வரிசையில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். பின்னால் நின்ற ஒரு பெண்ணின் அப்பா தன் பேனாவைத் தந்தார். தங்க மூடி. வசந்தா எழுதி முடித்து, பேனாவைத் தாவணியில் ஒரு முறை துடைத்து, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தாள். அந்தத் துடைப்பைத்தான் பார்க்க முடியவில்லை.

சீட் கிடைத்தது. எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். சந்தோஷப்பட வேண்டிய நாள். பஸ்ஸில், "அத்த வுடு நைனா, அந்த ஆளு அப்டித்தான் எல்லாரையும் பேசுறாரு" என்றாள் வசந்தா. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இனி வ. என்று எழுதினால் வசந்தா. பென்சில் மிச்சம்.

ஜூன் 14, சனி

பகல் ஷிப்ட் முடிந்து கமர்ஷியல் தெரு. பேனா வாங்கத்தான் போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாக இருந்தன. எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு வளையம். மூடி இங்கே முடிகிறது, உடம்பு இங்கே ஆரம்பிக்கிறது என்று காட்டும் வளையம். சட்டென்று தோன்றியது: நான் டர்னர், லேத்தில் இரும்பு கடைகிறவன். பதினெட்டு வருஷம். இரும்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம் பிசகினாலும் விரல் சொல்லிவிடும். நான் எதற்குப் பேனா வாங்க வேண்டும்?

வாங்காமல் வந்தேன். ஏரிக்கு அந்தப் பக்கம் கட்டில் செய்கிற பட்டறையில் உடைந்த கட்டில் கால் ஒன்று. பீட்டி, அதாவது ஈட்டி மரம். கறுப்பில் சிவப்பு ரேகை. ஆசாரி சும்மாவே கொடுத்துவிட்டார். "இத்த வெச்சி இன்னா செய்வ?" என்றார். சொல்லவில்லை.

திட்டம்:
- ஒரே கட்டையிலிருந்து மூடியும் உடம்பும். ரேகை விட்டுப் போகாமல் இரண்டிலும் ஓட வேண்டும்.
- மூடியைத் திருகும் மரை மரத்திலேயே. உலோக வளையம் கிடையாது.
- மூடினால் ஒரு குச்சி. மூட்டு தெரியக்கூடாது.
- நிப்பு, கழுத்து, நாக்கு மட்டும் பேனா ரிப்பேர்காரரிடம்.

வசந்தா அம்மா சரோஜாவிடம் சொன்னேன். அடுப்பு வேலையை விட்டு வந்து கேட்டாள்: "எங்க செய்வீங்க?"

"கம்பெனி லேத்துல. சாப்பாட்டு நேரத்துல."

"கேட்டுட்டுத்தானே?"

"ஃபோர்மேன்கிட்ட சொல்லியாச்சு."

சொல்லவில்லை. சொன்னாலும் கிடைக்காது. நோட்டீஸ் போர்டில் மூன்று பாஷையில் எழுதியிருக்கிறது, கம்பெனி மெஷினில் சொந்த வேலை கூடாதென்று. கத்தி, சாவி, தோசைத் திருப்பி என்று எல்லோரும் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் இரும்பு லேத்தில் மரம் யாரும் ஏற்றியதில்லை. மரத்தூள் மெஷினுக்கு ஆகாது. அது எனக்கும் தெரியும்.

ஜூன் 17, செவ்வாய்

பதினொன்றரை மணி அடித்ததும் எல்லோரும் கேண்டீனுக்கு. என் லேத் ஸ்டோர் சுவரை ஒட்டிக் கோடியில் இருப்பது வசதி. கட்டையை மாட்டி ஓடவிட்டேன். முதல் சீவல் ரிப்பன் மாதிரி சுருண்டு வந்தது. இரும்புச் சீவல் கையில் பட்டால் சுடும், இது பூ. லேசாக ஒரு வாசனை, தித்திப்பாக.

துளை போடும்போது அவசரப்பட்டேன். ட்ரில்லை இழுத்து இழுத்துத் தூளை வெளியேற்றாமல் ஒரே மூச்சில் ஏற்றினேன். டப். மூடி இரண்டாகப் பிளந்தது.

பதினெட்டு வருஷத்து டர்னர்!

சீவலையெல்லாம் நானே பொறுக்கிச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டேன், திருடன் மாதிரி.

ஜூன் 20, வெள்ளி

மழை இல்லை. குளிர். கட்டில் காலில் இன்னும் இரண்டு பேனாவுக்கு மரம் இருக்கிறது.

இன்று துளை சரியாக வந்தது. மரை கெட்டது. இரும்புக்குப் போடுவதுபோல் கூர் முனை உளியில் போட்டேன். பல்லெல்லாம் உதிர்ந்துவிட்டது. கிழவன் வாய். இன்னொரு கட்டை போயிற்று.

இரண்டே முக்காலுக்குக் கெம்பய்யா வந்துவிட்டான். ஆறு வருஷமாக இந்த லேத்தில் பகல் ஷிப்ட் நான், அடுத்த ஷிப்ட் அவன். தொம்மலூரிலிருந்து சைக்கிள். வந்ததும் லேத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் சட்டையைக் கழற்றுவான். கையிலிருந்ததை அவசரமாகப் பைக்குள் தள்ளினேன். மடியிலிருந்து அவித்த கடலைக்காய் ஒரு பிடி எடுத்துக் கொடுத்தான்.

"ஏகாம்பரண்ணா, மூஞ்சி யாக்கே இப்டி இருக்குது? ஒடம்பு சரியில்லியா?"

"ஒண்ணுமில்ல. பல் வலி."

ஏன் பல் வலி என்று சொன்னேன் தெரியவில்லை. இரண்டு பொய் ஆயிற்று இந்தப் பேனாவுக்கு.

ஜூன் 24, செவ்வாய்

வந்துவிட்டது! மரை வந்துவிட்டது!

உளி முனையை மழுக்கினேன். அங்குலத்துக்குப் பதினாறு என்று பெரிய பல். ஒவ்வொரு வெட்டுக்கும் நடுவில் உருக்கிய அரக்கும் மெழுகும். கடைசி வெட்டை மோட்டாரை நிறுத்திவிட்டுக் கையாலேயே சுற்றினேன். மூடி வெண்ணெய்போல ஏறுகிறது.

தூள்தான் தொல்லை. மாவு மாதிரி. லேத் எண்ணெயோடு சேர்ந்து கறுப்புக் களிம்பாகிறது. பிரஷ்ஷால் தள்ளினேன். உளி மாட்டிய வண்டி பாதை மேல் முன்னும் பின்னும் ஓடுகிறதே, அதன் அடியில் கொஞ்சம் போயிருக்கும். கழற்றித் துடைக்க அரை மணி வேண்டும். அதற்குள் மணி அடித்துவிட்டது. நாளைக்கு.

ஜூன் 26, வியாழன்

நேற்றும் துடைக்கவில்லை. இன்றும் இல்லை. பேனா முடிகிற அவசரம்.

மூடியைத் திருகினால் ரேகை கால் சுற்று தள்ளி நிற்கிறது. கணக்கு: ஒரு சுற்றுக்கு அறுபத்திரண்டரை தௌ (ஒரு தௌ என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம்). கால் சுற்றுக்குப் பதினைந்தரை. மூடி வந்து உட்காரும் தோளில் அவ்வளவு சீவினால் இன்னும் கால் சுற்று ஏறும். பதினைந்து சீவினேன். பிறகு உப்புத்தாளில் இரண்டு தேய்ப்பு. மூடினேன்.

ரேகையோடு ரேகை சேர்ந்தது. எங்கே மூடி, எங்கே உடம்பு, செய்த எனக்கே தெரியவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றேன். சாப்பிடவே இல்லை.

ஜூன் 29, ஞாயிறு

உள்ளே அரக்கு உருக்கிச் சுழற்றி, மை மரத்தில் ஊறாமல் ஆயிற்று. நிப்பு மாட்டினேன். வ.விடம் கொடுத்தேன். குச்சி என்று நினைத்தாள். "தெற" என்றேன். எங்கே திறப்பது என்று தெரியாமல் உருட்டினாள். சரோஜாவும் உருட்டினாள். நான் வாங்கித் திருகித் திறந்து காட்டினேன்.

வ. வாங்கிக்கொண்டாள். பழைய நோட்டின் பின் அட்டையில் தன் பெயரை எழுதினாள். பிறகு என் பெயரை. பிறகு அம்மா பெயரை.

நாளைக்குக் காலேஜ் திறப்பு.

ஜூலை 1, செவ்வாய்

வ. வந்து சொன்னது: பக்கத்து பெஞ்சு பெண்கள் எல்லோரும் வாங்கிப் பார்த்தார்களாம். இங்கிலீஷ் மேடமும் பார்த்தார்களாம். "எங்க நைனா செஞ்சதுன்னு சொன்னேன்." மூன்று தடவை சொல்ல வைத்துக் கேட்டேன்.

கிரேடு டெஸ்டுக்கு லிஸ்ட் போட்டிருக்கிறார்கள். தேறினால் சம்பளம் கூடும். நான்கு வருஷமாகக் காத்திருந்தது. என் பெயர் முதலில்.

ஜூலை 2, புதன்

காலையில் போனால் என் லேத்தைச் சுற்றிக் கூட்டம். சாமான் சரிபார்க்கும் இன்ஸ்பெக்டர், ஃபோர்மேன் பெர்னார்டு, ஃபிட்டர் இருவர். வண்டியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தார்கள்.

நேற்று கெம்பய்யா கடைந்த ஸ்பிண்டில் தண்டு பதினொன்று கோணல். எல்லாம் ஸ்கிராப். ஏன் என்று திறந்து பார்த்தால் அடியில் கறுப்புக் களிம்பு. அதில் இரும்புத் துகள் ஒட்டி, பாதை முழுக்கக் கீறல். இன்ஸ்பெக்டர் விரலில் எடுத்து முகர்ந்தார். "மரத்தூள்" என்றார்.

நான் சாப்பாட்டுப் பையை முதுகுக்குப் பின்னால் மாற்றிக்கொண்டேன்.

பெர்னார்டு என்னைப் பார்த்து, "ஏகாம்பரம், உனக்கு ஏதாவது தெரியுமா?" என்றார்.

"தெரியாது சார்."

இதை எழுதும்போது பென்சில் நிற்கிறது. இருந்தாலும் எழுதி வைக்கிறேன். தெரியாது சார் என்று சொன்னேன். யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொன்னது.

ஜூலை 3, வியாழன்

கெம்பய்யாவைச் சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். விசாரணை முடியும்வரை. காரணம்: அவன் ஷிப்டில்தான் கெட்டது. இன்னொன்று, அவன் பேக்கிங் பெட்டிப் பலகைத் துண்டுகளைப் பர்மிஷன் வாங்கி அடுப்புக்கு எடுத்துப் போவான். கேட் புத்தகத்தில் எழுதியிருக்கிறது. மரம் எடுத்துப் போகிறவன், ஆகவே மரம் கடைந்தவன்.

பெட்டிப் பலகை வெள்ளை மரம். களிம்பு கறுப்பு. ஒருவருக்கும் தோன்றவில்லையா? எனக்குத் தோன்றுகிறது. நான் சொல்லவில்லை.

கேட்டருகில் பார்த்தேன். டிபன் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். "நான் யாவ மரமும் கடையலண்ணா. உங்களுக்குத் தெரியும் இல்ல, நம்ம லேத்த நான் அப்டிச் செய்வனா?" என்றான்.

"சரியாப் போயிடும்" என்றேன்.

நம்ம லேத் என்றான்.

ஜூலை 6, ஞாயிறு

இதை முழுசாக எழுதிவிட வேண்டும்.

பத்து மணிக்குக் கெம்பய்யாவின் மனைவி ஜெயம்மா வந்தாள். தொம்மலூரிலிருந்து நடந்தே. கையில் ஒரு முழுப் பூசணிக்காய், அவர்கள் கூரையில் காய்த்தது. என்னைப் பார்த்ததும் கும்பிட்டாள். சரோஜா பாய் போட்டாள்.

"அண்ணா, உங்க பொண்ணு காலேஜ் ஓதுதுன்னு நம்ம வீட்டு யஜமான்ரு சொன்னாரு. இங்லீஷ்ல ஒரு அர்ஜி எழுதிக் குடுக்கணும். ஆபீஸ்ல இங்லீஷ்ல கேக்குறாங்க. நமக்கு யார் இருக்காங்க?"

வ. நோட்டைக் கிழித்துத் தாள் எடுத்து வந்து உட்கார்ந்தாள். அந்தப் பேனாவை எடுத்தாள். திருகித் திறந்தாள்.

ஜெயம்மா சொல்லச் சொல்ல எழுதினாள். பதினோரு வருஷ சர்வீஸ். ஒரு மெமோ கிடையாது. மூன்று குழந்தைகள். ஜெயம்மா சொன்னாள்: "எழுதம்மா. லேத்து மேல மரம் வெச்சாங்கன்னு சொல்றாங்க. நம்ம வீட்டுக்கு வர்றது பெட்டி மரம், வெள்ளை மரம். மிஷின்ல கெடச்ச தூளு கறுப்பாம். கறுப்பு மரத்துக்கு நாங்க எங்க போவோம்?"

வ. 'ப்ளாக்' என்று எழுதினாள். எழுதினதைப் பார்த்தாள். கையிலிருந்த பேனாவைப் பார்த்தாள். பிறகு தலை தூக்கி என்னைப் பார்த்தாள்.

எவ்வளவு நேரம் பார்த்தாள் தெரியாது. நான் பூசணிக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வ. பேனாவை மூடித் தரையில் வைத்தாள். உள்ளே போய்ப் பழைய தொட்டெழுதும் கட்டைப் பேனாவும் மைப்புட்டியும் கொண்டுவந்தாள். மிச்சத்தை அதில் எழுதினாள். "யாக்கம்மா, மை முடிஞ்சிச்சா?" என்று ஜெயம்மா கேட்டாள். "ஆமாக்கா" என்றாள் வ. அவளையும் பொய் சொல்ல வைத்துவிட்டேன்.

சரோஜா காபி கொடுத்தாள். போகும்போது ஒரு படி அரிசி முந்தானையில் கொட்டினாள். ஜெயம்மா அழுதுவிட்டாள். "உங்க உபகாரத்த மறக்க மாட்டோம்கா" என்றாள்.

அவள் தெருமுனை திரும்பினதும் சரோஜா கதவைச் சாத்தினாள்.

"கேட்டுட்டுத்தான் செஞ்சேன்னு சொன்னீங்களே."

நான் பாயைச் சுருட்டினேன்.

"டெஸ்ட் எப்போ?"

"இருபத்தி ஒண்ணாந் தேதி."

"அது முடியட்டும். அப்பறம் சொல்லுங்க. அவங்களுக்கு வேணுங்கிறத நாம செய்யலாம்." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போனாள். அரிசி ஏன் அவ்வளவு கொடுத்தாள் என்று அப்போதுதான் புரிந்தது.



ஜூலை 7, திங்கள்

வ. பென்சிலோடு காலேஜ் போனாள். பேனா சாமி மாடத்துக்குக் கீழே, நான் சவரச் சாமான் வைக்கும் பலகையில். என் இடத்தில் வைத்திருக்கிறாள்.

ஜூலை 9, புதன்

பெர்னார்டிடம் போனேன். காலையிலிருந்து மூன்று தடவை அவர் கண்ணாடி அறை வரை போய்த் திரும்பி, நாலாம் தடவை உள்ளே போனேன். ரிச்சர்ட்ஸ் டவுன்காரர், நல்ல மனுஷர், ஒருவரையும் சத்தம் போட்டுப் பேசாதவர்.

"சார், அந்த மரம் நான்தான். கெம்பய்யா இல்ல."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"ஏன்யா இத எங்கிட்ட சொல்ற? பேப்பர் ஆபீஸுக்குப் போயாச்சு. நீ என் பெஸ்ட் டர்னர். லிஸ்ட்ல உன் பேரு ஃபர்ஸ்ட்ல இருக்கு." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "இப்ப நீ சொன்னது என் காதுல விழல. அவனுக்கும் பெருசா ஒண்ணும் ஆகாது, ரெண்டு இன்க்ரிமெண்ட் போகும், அவ்வளவுதான். போய் வேலயப் பாரு."

நான் போய் வேலையைப் பார்த்தேன்.

கதவைத் தாண்டும்போது நெஞ்சில் ஒரு லேசு. சொல்லிவிட்டேன், இனி என் தப்பில்லை என்று. அந்த லேசு கேண்டீன் வரைகூட வரவில்லை. அவர் தப்பிக்க ஒரு கதவைத் திறந்து வைத்தார்; நான் நுழைந்து வெளியே வந்துவிட்டேன். அன்றைக்குத் தெரியாது என்று சொன்னதைவிட இது கேவலம்.

ஜூலை 12, சனி

சாயங்காலம் நாலு மணி. மார்க்கெட் பக்கம் சைக்கிளில். விறகு மண்டியில் லாரி நின்றது. தலையில் சாக்கு மடித்துப் போட்டு ஒருவன் விறகு இறக்கிக்கொண்டிருந்தான். கெம்பய்யா. முழங்கையெல்லாம் சிராய்ப்பு. மண்டிக்காரன், "பேக பேக" என்று விரட்டிக்கொண்டிருந்தான். மைக்ரோமீட்டர் பிடித்து அளக்கிற விரல். அந்த விரலில் ஒரு வெடிப்புகூட வராமல் பார்த்துக்கொள்வான், தேங்காய் எண்ணெய் தடவுவான், கேலி செய்வோம்.

சைக்கிளைத் திருப்பிப் பக்கத்துச் சந்தில் ஓட்டினேன். காய்கறி வாங்காமலே வந்தேன்.

அவன் பார்த்தானா? பார்த்திருக்கலாம். சந்து முட்டுச் சந்து. சுவர்வரை போய், சாக்கடை ஓரம், லாரி போகும் சத்தம் கேட்கும்வரை நின்றேன். முப்பத்தெட்டு வயசு.

ஜூலை 13, ஞாயிறு

வ.வைக் கூப்பிட்டேன். "ஒரு லெட்டர் எழுதணும்மா. இங்கிலீஷ்ல. ஆபீஸுக்கு."

"யாருக்காக நைனா?"

"எனக்காக."

தாள் எடுத்தாள். தொட்டெழுதும் பேனாவில் ஆரம்பித்தாள். நான் தமிழில் சொன்னேன். அவள் எழுதி எழுதி வாசித்துக் காட்டினாள். இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை. சாப்பாட்டு நேரத்தில். என் சொந்த உபயோகத்துக்காக. கெம்பய்யாவுக்குத் தெரியாது.

"முடிஞ்சுதா நைனா?"

"இன்னும் ஒரு வரி. மெஷினைத் திறந்த அன்னைக்கே எனக்குத் தெரியும்னு எழுது. கேட்டதுக்குத் தெரியாதுன்னு சொன்னேன்னு எழுது."

"அது வேணாம் நைனா. நீங்க செஞ்சீங்கன்னு சொன்னாப் போதுமே."

"எழுதும்மா."

எழுதினாள். வாசிக்கவில்லை. அப்படியே என் பக்கம் தள்ளினாள். தமிழில் கையெழுத்துப் போட்டேன்.

சரோஜா நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "பொண்ண விட்டா எழுத வெப்பீங்க?" என்றாள். வேறு யாரை எழுத வைப்பது? ஆனால் அவள் சொன்னது சரி. அதுவும் என் கணக்கில் சேர்ந்துகொண்டது.

ஜூலை 14, திங்கள்

லெட்டரைப் பெர்னார்டிடம் கொடுக்கவில்லை. நேராக ஆபீஸில் கொடுத்தேன். இரண்டு மணிக்குக் கூப்பிட்டார்கள். பெரிய ஆபீஸர், பக்கத்தில் பெர்னார்டு. பெர்னார்டு என்னைப் பார்க்கவில்லை.

"அந்தச் சாமான் எங்கே?" பையில் கொண்டு போயிருந்தேன். மேஜை மேல் வைத்தேன்.

பெரிய ஆபீஸர் எடுத்தார். உருட்டினார். வெளிச்சத்தில் பிடித்தார். "ஜாயிண்ட் எல்லி?" என்று கன்னடத்தில் கேட்டார், மூட்டு எங்கே என்று. பெர்னார்டும் குனிந்து பார்த்தார். இருவருக்கும் தெரியவில்லை.

அந்த ஒரு நிமிஷம் என் நெஞ்சு நிமிர்ந்தது. உண்மையைத்தானே எழுத வேண்டும் இங்கே. அத்தனைக்கும் நடுவில், அந்த மேஜைக்கு முன்னால், பெருமை. உதட்டில் சிரிப்புகூட வந்திருக்கும்.

ஆபீஸர் நிமிர்ந்தார். அதைப் பார்த்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

"இவ்வளவு சுத்தமா வேலை தெரிஞ்சவன், லேத்தைத் துடைக்க உனக்குத் தெரியலையா?" என்றார்.



பேனாவைப் பைலோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள். நூலில் ஒரு சீட்டு. என் டோக்கன் நம்பர்.

ஜூலை 16, புதன்

ஆர்டர்:
1. பதினாலு நாள் சஸ்பென்ஷன், இன்று முதல்.
2. கிரேடு டெஸ்ட் இரண்டு வருஷத்துக்கு இல்லை.
3. திரும்பி வந்தபின் லேத் இல்லை. ட்ரில்லிங் மெஷின்.
4. கெம்பய்யா நாளை முதல் வேலைக்கு. பகல் ஷிப்ட். என் இடத்தில்.

நாலாவதை வாசித்துவிட்டுத்தான் உட்கார முடிந்தது.

வீட்டில் சொன்னேன். சரோஜா, "சரி" என்றாள். அவ்வளவுதான். சாயங்காலம் வ. வந்ததும் அவளிடமும் நானே சொன்னேன். "பேனா?" என்று கேட்டாள். "அங்கியே வெச்சிக்கிட்டாங்க." தலையாட்டினாள். பேனாவுக்காகவே கேட்டாளா, வேறு எதற்காகவா, தெரியவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

தொம்மலூர் போனேன். என்ன கொண்டு போவது என்று ஒரு மணி நேரம் யோசனை. பழம்? இனிப்பு? எது கொண்டு போனாலும் அசிங்கம். வெறுங்கையோடு போனேன். அதுவும் அசிங்கமாகத்தான் இருந்தது.

கெம்பய்யா வீட்டில் இல்லை. கோயில் வரை போயிருக்கிறான் என்றது அவர்கள் குழந்தைகளில் சின்னது. ஜெயம்மா முறத்தோடு வாசலில் ராகி புடைத்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை. உட்காரும்படியும் சொல்லவில்லை. அது சரிதான்.

"என்னை மன்னிக்கணும்" என்றேன். வழியெல்லாம் நிறைய யோசித்து வைத்திருந்தேன். இதுதான் வந்தது.

முறத்தைக் கீழே வைத்தாள்.

"அண்ணா, ஒண்ணு கேக்குறேன். அன்னிக்கி உங்க பொண்ணு எழுதிச்சே. மொதல்ல எழுதிச்சே, அந்தப் பேனாதானா?"

"அதேதான்."

"நான் பேசுனதெல்லாம் கேட்டுக்கினு அங்கியே உக்காந்திருந்தீங்க."

"ஆமா."

"நான் கும்பிட்டேன் உங்கள."

முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் நின்று வாங்கிக்கொண்டிருப்பேன். சின்னது என்னையே பார்த்துக்கொண்டு ஒரு கோழியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றது. சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்தேன்.

ஜூலை 23, புதன்

மழை. வேலை இல்லாத வீட்டில் ஓட்டுக்குக் கீழே மூன்று இடத்தில் பாத்திரம். கூரை ஏறி ஓடு மாற்றினேன். பக்கத்து வீட்டுக்காரர், "இன்னா லீவா?" என்றார். "சஸ்பெண்டு" என்றேன். முதல் தடவையாக வாய் விட்டுச் சொன்னது. அவர் அவசரமாக மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

வ. கடையில் ஒரு சாதாரணப் பேனா வாங்கிக்கொண்டாள். நீலம். எனக்குக் காட்டவில்லை. எழுதும்போது பார்த்தேன். நன்றாக எழுதுகிறது.

ஜூலை 27, ஞாயிறு

சரோஜா தொம்மலூர் போய் வந்தாள். தனியாக. என்ன பேசினார்கள் என்று சொல்லவில்லை. "டெஸ்ட் முடியட்டும்னு நானும்தான் சொன்னேன். அதைச் சொல்லிட்டு வந்தேன்" என்றாள். 

ஜூலை 30, புதன்

வெயில். வேலைக்குத் திரும்பினேன். கேட்டில் வாட்ச்மேன் டோக்கனைக் கொடுக்கும்போது முகத்தைப் பார்க்கவில்லை. ஷாப் முழுக்க ஒரு நொடி சத்தம் குறைந்த மாதிரி இருந்தது. மெஷின் எதுவும் நிற்கவில்லை. என் காதுதான்.

ட்ரில்லிங் மெஷின் நடுவில், எல்லோரும் போகிற வழியில். தகட்டில் துளை. ஒரு தகட்டுக்கு நாலு. மத்தியானம் வரை நூற்றுப் பத்து தகடு.

லேத்தைப் பாதை தேய்த்துச் சரி செய்துவிட்டார்கள். கெம்பய்யா நின்றிருந்தான். என் பக்கம் முதுகு. சாப்பாட்டு மணி அடித்ததும் துடைக்க ஆரம்பித்தான். வண்டியைத் தள்ளி அடியில் துணி விட்டு, பாதை முழுக்க. எல்லோரும் கேண்டீன் போனபின்பும் துடைத்துக்கொண்டிருந்தான். நான் என் தகடுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

என் மெஷினைத் தாண்டித்தான் அவன் போக வேண்டும். வந்தான். நான் கையை நிறுத்தினேன். ஏதாவது சொல்லப் போகிறான், வாங்கிக்கொள்வோம் என்று நின்றேன்.

மேலே பார்த்தான், என் மெஷினின் மோட்டார் பக்கம்.

"பெல்ட்டு லூசு" என்றான். "கையப் பாத்துக்கோ."

போய்விட்டான். அண்ணா என்று சொல்லவில்லை.

பெல்ட்டை இறுக்கினேன்.